கம்பைலர்களும் நுண்செயலிக் கையேடுகளும்: ஓர் ஆவணத் தொகுப்பின் வரலாறு

சி, அடா போன்ற உயர்நிலை மொழிகளில் எழுதப்படும் நிரலை நுண்செயலி நேரடியாக இயக்கக்கூடிய ஆணைகளாக மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர் எனப்படும். தமிழில் இதைத் தொகுப்பி என்றும் நிரல்மாற்றி என்றும் வழங்குவர். ஒவ்வொரு நுண்செயலிக் குடும்பத்துக்கும் தனித்தனி ஆணைகள் உள்ளன. ஆகவே ஒரு கம்பைலர் எத்தனை வகை நுண்செயலிகளுக்கு நிரலை மாற்றித் தருகிறதோ, அத்தனை வகைகளின் கையேடுகளும் அதை எழுதுவோரிடமும் பராமரிப்போரிடமும் இருக்க வேண்டும். இக்கையேடுகளைத் தேடிச் சேர்த்து, வகைப்படுத்தி, அழியாமல் காக்கும் பணி கணினி வரலாற்றில் அதிகம் பேசப்படாதது. ஆயினும் ஒரு நாடு தன் சொந்த நுண்செயலியை உருவாக்கிப் பயன்படுத்த முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் இதுவும் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, இஸ்ரோவின் விக்ரம், கல்பனா ஆகிய நுண்செயலிகளின் வரலாறு இதற்குச் சான்றாக உள்ளது.

கையேடு இல்லாமல் ஏன் முடியாது?

நுண்செயலி அறிந்தவை 0, 1 என்ற இரு இலக்கங்களின் வரிசைகள் மட்டுமே. ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஆணை ஒவ்வொன்றும் 32 இலக்க நீளம் கொண்டது. இரண்டு எண்களைக் கூட்டும் ஆணையில் கடைசி 7 இலக்கங்கள் 0110011 என்று இருக்க வேண்டும். எந்தப் பதிவகங்களில் உள்ள எண்களைக் கூட்டுவது, விடையை எதில் வைப்பது என்பதைக் குறிக்க 5 இலக்கங்கள் வீதம் மூன்று இடங்கள் உள்ளன. பதிவகங்கள் 32 என்பதால் ஒன்றைக் குறிக்க 5 இலக்கங்கள் போதும். இந்த விவரங்களை ஊகித்து அறிய வழியில்லை. வடிவமைத்தவர் எழுதி வைத்திருந்தால்தான் தெரியும்.

ஆணைகளின் பட்டியல் மட்டும் இருந்தாலும் போதாது. நுணுக்கமான விதிகளும் தெரிய வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் ஒரு கூட்டல் ஆணைக்குள் நேரடியாக எழுதக்கூடிய எண் -2048 முதல் 2047 வரை மட்டுமே. அதைவிடப் பெரிய எண் வேண்டுமானால் இரண்டு ஆணைகள் தேவை. முதல் ஆணை 4096-இன் மடங்காக ஓர் எண்ணைப் பதிவகத்தில் வைக்கும். இரண்டாவது ஆணை அதனுடன் ஒரு சிறிய எண்ணைக் கூட்டும். 4000 என்ற எண்ணை இப்படி எழுதுவது எப்படி? 4000 என்பது 4096-ஐ விடக் குறைவு. எனவே முதல் ஆணையில் 0, இரண்டாவதில் 4000 என்று எழுதலாம் எனத் தோன்றும். ஆனால் இரண்டாவது ஆணையில் உள்ள 12 இலக்கங்களைச் செயலி குறியுடன் கூடிய எண்ணாகவே படிக்கிறது. 4000-க்குரிய 12 இலக்கங்களை அது -96 என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் ஆணையில் 4096 வைத்து, இரண்டாவதில் -96 கூட்டினால்தான் 4000 கிடைக்கும். இந்த விதியைக் கவனிக்காத கம்பைலர் சில எண்களுக்குச் சரியான விடையும் வேறு சில எண்களுக்குத் தவறான விடையும் தரும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

தேவைப்படும் நான்கு வகை ஆவணங்கள்

கம்பைலர் எழுதுவோர் சேர்க்கும் ஆவணங்களை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கட்டளைத் தொகுதிக் கையேடு. செயலிக்குத் தெரிந்த ஆணைகள் எவை, அவை எப்படி எழுதப்படும், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதை இது கூறும்.

இரண்டாவது, மென்பொருள்கள் தமக்குள் பின்பற்ற வேண்டிய ஒப்பந்தம். இது ஏ.பி.ஐ. எனப்படும். ஒரு நிரல்கூறு மற்றொன்றை அழைக்கும்போது மதிப்புகளை எந்தப் பதிவகத்தில் வைத்து அனுப்புவது, விடையை எங்கே பெறுவது என்பவை இதில் இருக்கும். ரிஸ்க்-ஃபைவில் முதல் எட்டு மதிப்புகள் ஏ0 முதல் ஏ7 வரையுள்ள பதிவகங்களில் செல்லும். செயலியைப் பொறுத்தவரை இது கட்டாயமன்று. மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் இரண்டு கம்பைலர்கள் வெவ்வேறு ஏற்பாட்டைப் பின்பற்றினால் அவற்றின் நிரல்களை ஒன்றாக இணைக்க முடியாது.

மூன்றாவது, வேகம் பற்றிய விவரம். ஒரு பெருக்கல் எத்தனை துடிப்புகளில் முடியும், எந்த இரண்டு ஆணைகள் ஒரே நேரத்தில் இயங்கும் என்பன போன்றவை இதில் அடங்கும். இது இல்லாவிட்டாலும் நிரல் சரியாக இயங்கும். ஆனால் மெதுவாக இயங்கும்.

நான்காவது, பிழைப்பட்டியல். சில்லு தயாரான பின் தெரியவரும் குறைகளை நிறுவனம் இதில் வெளியிடும். இக்குறைகளைச் சுற்றிச் செல்லும் வகையில் கம்பைலர் ஆணைகளை அமைக்க வேண்டும். விண்வெளிப் பணிக்கு அட்மெல் நிறுவனம் தயாரித்த ஏ.டி.697எஃப் என்ற செயலியின் ஒரு குறைக்காகவும், ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-ஏ53 செயலியின் குறைகளுக்காகவும் ஜி.சி.சி. கம்பைலரில் தனித் தெரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆவணமாக வெளியிடப்பட்ட குறைக்கே இப்படி மாற்று வழி செய்ய முடியும். மறைக்கப்பட்ட குறை பயனரின் கணினியில்தான் வெளிப்படும்.

1964: கட்டமைப்பு என்ற கருத்து

தொடக்கக் காலக் கணினிகளில் ஒவ்வோர் எந்திரமும் ஒரு தனி உலகம். ஓர் எந்திரத்துக்கு எழுதிய நிரல் அதே நிறுவனத்தின் அடுத்த எந்திரத்தில்கூட இயங்காது. 1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தபோது இந்நிலை மாறியது. விலையிலும் வேகத்திலும் வேறுபட்ட பல மாதிரிகள் ஒரே கட்டளைத் தொகுதியைப் பின்பற்றின. ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், பிரெட் புரூக்ஸ் ஆகியோர் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை ‘கட்டமைப்பு’ என்ற சொல்லை நிலைநாட்டியது. நிரல் எழுதுவோரின் கண்ணுக்குத் தெரியும் பண்புகளே கட்டமைப்பு. உள்ளே மின்சுற்று எப்படி அமைந்துள்ளது என்பது வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினர்.

இந்தப் பிரிவினையால் கையேட்டின் தகுதி உயர்ந்தது. அதுவரை கையேடு என்பது எந்திரம் செய்வதைப் பின்னர் விளக்கும் குறிப்பு. இப்போது எந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கையேடு வரையறுத்தது. இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் எந்திரமே தவறு என்று கொள்ளப்பட்டது. இயக்கக் கோட்பாடுகள் என்ற பொருள்படும் தலைப்புடன் வெளிவந்த அந்தக் கையேடு, ஐ.பி.எம்.மின் இன்றைய பெருங்கணினிகளுக்கும் அதே தலைப்பில் தொடர்ந்து திருத்தி வெளியிடப்படுகிறது.

ஜி.சி.சி.: ஒரு கம்பைலர், பல செயலிகள்

ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய ஜி.சி.சி. கம்பைலர் 1987 மார்ச்சில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அப்போது அதில் வாக்ஸ் கணினிக்கும் சன் கணினிக்கும் உரிய விவரணைக் கோப்புகள் இருந்தன. அத்துடன், புதிய எந்திரத்துக்கான விவரணையை எழுதுவது எப்படி என்று விளக்கும் சுமார் 60 பக்க ஆவணமும் சேர்த்தே வழங்கப்பட்டது. இந்த 60 பக்கங்களே பின்னாளில் உலகின் பல மூலைகளிலிருந்து பலரும் தத்தம் செயலிகளை ஜி.சி.சி.யில் சேர்க்க வழிவகுத்தன.

ஜி.சி.சி.யின் அமைப்பு இதற்கு ஏற்றதாக இருந்தது. மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியும் நிரலைச் செம்மைப்படுத்தும் பகுதியும் எல்லாச் செயலிகளுக்கும் பொது. செயலியைப் பற்றிய அறிவு மட்டும் தனிக் கோப்புகளில் இருக்கும். ஒரு கையில் செயலியின் கையேட்டையும் மறுகையில் ஜி.சி.சி.யின் உள்ளமைப்பு ஆவணத்தையும் வைத்துக்கொண்டு, முன்னதில் உள்ளதைப் பின்னது கேட்கும் வடிவில் எழுதுவதே இப்பணி.

செயலிகளின் எண்ணிக்கை பெருகியபோது, எந்தக் கையேடு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. ஒரு செயலியைச் சேர்த்தவர் விலகிவிட்டால், பத்து ஆண்டுகளுக்குப் பின் அதில் பிழை திருத்துபவர் எதைப் பார்ப்பார்? எனவே ஜி.சி.சி. திட்டத்தார் தாம் ஆதரிக்கும் கட்டமைப்புகளின் பட்டியலைத் தயாரித்தனர். கட்டமைப்பின் பெயர், தயாரித்த நிறுவனம், கையேடு கிடைக்கும் இடம், செயலி கையில் இல்லாதோர் சோதித்துப் பார்க்க உதவும் சிமுலேட்டர் உண்டா ஆகிய விவரங்கள் அதில் சேர்க்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆட்வே, கிறிஸ் லாட்னர் ஆகியோரால் தொடங்கப்பட்ட எல்.எல்.வி.எம். திட்டமும் கம்பைலர் எழுதுவோருக்கென இத்தகைய தொகுப்பு ஒன்றைப் பராமரித்து வருகிறது.

மூடிய பக்கங்களும் திறந்த பக்கங்களும்

எல்லா நிறுவனங்களும் ஆவணங்களை முழுமையாக வெளியிட்டதில்லை. 1993-இல் வந்த பென்டியம் செயலியின் கையேட்டில் பிற்சேர்க்கை ‘எச்’ என்ற பகுதியில் இருக்க வேண்டிய விவரங்கள் பொதுமக்களுக்குத் தரப்படவில்லை. இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களுக்கு மட்டுமே அவை கிடைத்தன. சில மென்பொருளாளர்கள் செயலியைச் சோதித்துச் சோதித்து அந்த விவரங்களைத் தாமே கண்டறிந்து வெளியிட்டனர்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் 64 பிட் கட்டமைப்பு. இன்று பெரும்பாலான மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள கட்டமைப்பு அதுவே. அதன் ஆவணத்தை ஏ.எம்.டி. 2000 ஆகஸ்டிலேயே வெளியிட்டது. சில்லு அப்போது தயாராகவில்லை. ஆவணத்தையும் சிமுலேட்டரையும் வைத்துக்கொண்டே கம்பைலரும் லினக்ஸும் எழுதப்பட்டன. 2002-இல் வந்த ஜி.சி.சி. 3.1 பதிப்பு இக்கட்டமைப்பை ஆதரித்தது. ஆப்டெரான் என்ற முதல் சில்லு 2003 ஏப்ரலில்தான் சந்தைக்கு வந்தது. சில்லு வெளியான நாளில் அதில் இயங்க மென்பொருள் காத்திருந்தது. 2004-இல் போட்டி நிறுவனமான இன்டெலும் இக்கட்டமைப்பை ஏற்றுக்கொண்டது. இவ்வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், ஆவணம் முன்கூட்டியே திறந்து வைக்கப்பட்டது அவற்றுள் முக்கியமானது.

நிறுவனம் மறைந்தால் கையேடு என்னாகும்?

செயலிகளைவிட வேகமாக நிறுவனங்கள் மாறுகின்றன. வாக்ஸ், ஆல்ஃபா ஆகியவற்றை உருவாக்கிய டிஜிட்டல் நிறுவனம் 1998-இல் காம்பேக்கின் கைக்குச் சென்றது. காம்பேக் 2002-இல் எச்.பி.யுடன் இணைந்தது. 68000 செயலியை உருவாக்கிய மோட்டோரோலாவின் குறைகடத்திப் பிரிவு 2004-இல் ஃப்ரீஸ்கேல் ஆகி, 2015-இல் என்.எக்ஸ்.பி.யுடன் சேர்ந்தது. ஹிட்டாச்சியின் சூப்பர்-எச், மிட்சுபிஷியின் எம்32ஆர், என்.இ.சி.யின் வி850 ஆகிய மூன்றும் இன்று ரெனசாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து. டிலேரா நிறுவனத்தின் செயலிகள் ஈசிசிப், மெல்லனாக்ஸ், என்விடியா என வரிசையாக மூன்று கைகள் மாறின.

கைமாறும் ஒவ்வொரு முறையும் பழைய கையேடுகள் புதிய உரிமையாளரின் கவனத்திலிருந்து நழுவும் வாய்ப்பு உண்டு. விற்பனையில் இல்லாத பொருளுக்கு ஆவணம் வைத்திருப்பதில் நிறுவனத்துக்கு இலாபம் இல்லை. ஆனால் அந்தச் செயலி ஏதேனும் ஒரு தொழிற்சாலையிலோ ஆய்வுக்கூடத்திலோ இயங்கிக்கொண்டிருக்கும். பழைய கையேடுகளை மின்வருடி எடுத்துச் சேமிக்கும் பிட்சேவர்ஸ் போன்ற தன்னார்வ முயற்சிகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன.

பராமரிக்க ஆள் இல்லாத கட்டமைப்புகளைக் கம்பைலர் திட்டங்கள் காலப்போக்கில் நீக்கிவிடும். 2023-இல் வந்த ஜி.சி.சி. 13 பதிப்பிலிருந்து டிலேரா செயலிகளும் நேஷனல் செமிகண்டக்டரின் சி.ஆர்.16 செயலியும் நீக்கப்பட்டன. இட்டானியம் செயலிக்கான ஆதரவு லினக்ஸ் கருவிலிருந்து 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 பதிப்பில் விலக்கப்பட்டது. நீக்கப்பட்டதை மீண்டும் சேர்க்க வேண்டுமானால் ஆளும் வேண்டும், ஆவணமும் வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்தாருக்கு இதற்கு இணையான ஒரு நிலை நன்கு தெரிந்ததே. இம்மாவட்டத்தின் வயல்களிலும் ஊர் எல்லைகளிலும் பல்லவர் கால நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் பல வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. கல் அழியாமல் நின்றபோதும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாததால், அது யாருக்காக நடப்பட்டது என்பது பல தலைமுறைகளுக்குத் தெரியாமல் போயிற்று. 1970-களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று படியெடுத்துப் பதிப்பித்த பின்னரே அக்கற்கள் மீண்டும் பேசத் தொடங்கின. கையேடு தொலைந்த சில்லும் அத்தகையதே. பொருள் கையில் இருக்கும். அதனுடன் பேசும் வழி இருக்காது.

இந்தியாவில்: பரம் முதல் சக்தி வரை

உயர்திறன் கணினிகளை வெளிநாட்டிலிருந்து பெறுவதில் தடைகள் இருந்த சூழலில், 1988-இல் சி-டாக் எனப்படும் மேம்பட்ட கணினியியல் வளர்ச்சி மையம் புனேயில் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அது 1991-இல் பரம் 8000 என்ற இணைநிலைக் கணினியை உருவாக்கியது. அதன் செயலிகள் இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனம் தயாரித்த டிரான்ஸ்பியூட்டர்கள். தொடக்கத்தில் இன்மாஸ், தன் ஒக்காம் மொழியிலேயே நிரல் எழுதும்படி வலியுறுத்தியது. பின்னர் 1988-இல் டிரான்ஸ்பியூட்டரின் கட்டளைத் தொகுதியை விளக்கும் நூலைக் கம்பைலர் எழுதுவோருக்கான வழிகாட்டி என்ற துணைத்தலைப்புடன் வெளியிட்டது. இத்தகைய ஆவணங்கள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பதைத் தலைப்பே சொல்கிறது. டிரான்ஸ்பியூட்டர் நீண்ட நாள் நிலைக்கவில்லை. அடுத்தடுத்த பரம் கணினிகள் வேறு செயலிகளுக்கு மாறின. மென்பொருளும் உடன் மாற வேண்டியிருந்தது.

கம்பைலரின் உள்ளமைப்பைக் கற்பிக்கும் பணியும் இந்தியாவில் நடந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் உதய் கேத்கர் வழிநடத்திய ஜி.சி.சி. வள மையம் இதில் குறிப்பிடத்தக்கது. ஒரு செயலியின் விவரணையை முழுமையாக ஒரே மூச்சில் எழுதாமல், படிப்படியாக வளர்க்கும் முறையை அம்மையம் மாணவர்களுக்குக் கற்பித்தது. எளிய மிப்ஸ் சிமுலேட்டர் ஒன்று அதற்குப் பயன்பட்டது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் திட்டம் 2010-இல் தொடங்கியது. கிர்ஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன், ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ ஆகியோர் இதன் முன்னோடிகள். இதன் முதல் கையேடு 2011 மே மாதம் வெளிவந்தது. யாரும் கட்டணமோ அனுமதியோ இன்றி அதைப் படித்து, அதன்படி செயலியையும் செய்யலாம். 2015-இல் இதற்கெனத் தனி அமைப்பு உருவானது. அடிப்படைக் கட்டளைத் தொகுதி 2019-இல் இறுதி செய்யப்பட்டது. அதாவது அப்பகுதி இனி மாற்றப்படாது; புதியவை தனிச் சேர்க்கைகளாகவே வரும். கம்பைலர் எழுதுவோருக்கு இந்த உறுதிமொழி பெரிய ஆறுதல். 2017 மே மாதம் வந்த ஜி.சி.சி. 7.1 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் இடம்பெற்றது. 2019-இல் எல்.எல்.வி.எம். 9 பதிப்பில் அது முழு ஆதரவு பெற்றது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி வீழிநாதன் தலைமையிலான குழு 2014-இல் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் சக்தி செயலித் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல் ரைஸ்கிரீக் என்ற சோதனைச் சில்லு அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டது. அதில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் அளவில் ரிமோ என்ற சில்லு உருவானது. 2020-இல் மௌஷிக் வந்தது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் இணைந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்ட ஐரிஸ் என்ற சில்லு அறிவிக்கப்பட்டது.

சக்திக் குழு தனிக் கம்பைலர் ஒன்றை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. உலகின் பல நாட்டவர் பொதுக் கையேட்டைப் பார்த்து எழுதிய ஜி.சி.சி., அதே கையேட்டைப் பார்த்துச் சென்னையில் செய்யப்பட்ட செயலிக்கும் பொருந்தியது. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறியாமலிருந்தாலும் பாதகமில்லை. இருவரும் ஒரே ஆவணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தனர். சக்தியின் வடிவமைப்பும் மென்பொருள் உருவாக்கத் தொகுப்பும் திறமூலமாகவே வெளியிடப்பட்டுள்ளன.

விக்ரமும் கல்பனாவும்: இரண்டு வழிகள்

இஸ்ரோவின் ஏவுகலங்களில் விக்ரம் 1601 என்ற 16 பிட் செயலி 2009 முதல் பயன்பட்டு வருகிறது. இதன் மேம்பட்ட வடிவமான விக்ரம் 3201 என்ற 32 பிட் செயலியும், கல்பனா 3201 என்ற மற்றொரு 32 பிட் செயலியும் 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன. இரண்டுமே திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியவை.

விக்ரமின் கட்டளைத் தொகுதி இஸ்ரோவுக்கே உரியது. எனவே அடா மொழிக் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர், நிரலாக்கச் சூழல் என எல்லாக் கருவிகளையும் இஸ்ரோ தானே எழுத வேண்டியிருந்தது. செயலி ஒப்படைக்கப்பட்ட நேரத்தில் சி மொழிக் கம்பைலர் உருவாக்கத்தில் இருந்தது. கல்பனாவோ ஸ்பார்க் எட்டாம் பதிப்புக் கட்டமைப்பைப் பின்பற்றுகிறது. அது ஐ.இ.இ.இ. 1754 என்ற எண்ணுடன் உலகத் தரமாக வெளியிடப்பட்ட ஒன்று. ஆகவே கல்பனாவுடன் ஏற்கெனவே உள்ள திறமூலக் கருவிகள் ஒத்துப்போகின்றன.

இரண்டில் எது சிறந்தது என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தனிக் கட்டளைத் தொகுதி வைத்திருப்பவர் எவரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. ஏவுகலம் போன்ற பணியில் முன்பே சோதித்துத் தேர்ந்த மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தவும் முடியும். ஆனால் எல்லாக் கருவிகளையும் எழுதும் சுமையும், எல்லா ஆவணங்களையும் பல்லாண்டுகள் காக்கும் பொறுப்பும் அவர் ஒருவரையே சேரும். பொதுத் தரத்தைப் பின்பற்றுவோருக்கு அச்சுமை பகிரப்படுகிறது. அதற்கு ஈடாக, தம் விருப்பப்படி கட்டளைத் தொகுதியை மாற்றும் உரிமையை அவர்கள் ஓரளவு விட்டுக்கொடுக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் இந்திய அரசு டி.ஐ.ஆர்.-வி எனப்படும் டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ் திட்டத்தை அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தியும், திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா செயலிகளும் இதில் இடம்பெற்றன. வெவ்வேறு நிறுவனங்களின் இவ்விரு குடும்பங்களும் ஒரே பொதுக் கையேட்டை அடிப்படையாகக் கொண்டவை.

மாணவர்கள் ஆவணம் தொகுக்கும் முறை

கணினிப் பொறியியல் மாணவர்கள் ஒரு செயலியை எடுத்து அதன் ஆவணங்களைத் தாமே தொகுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பின்வருவனவற்றைக் கவனித்தால் போதும்.

கையேட்டின் பதிப்பு எண்ணையும் வெளியான தேதியையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கையேட்டின் இரு பதிப்புகளில் ஒரே ஆணைக்கு வெவ்வேறு விளக்கம் இருக்கக்கூடும். வரைவுப் பதிப்பையும் இறுதிப் பதிப்பையும் கலந்துவிடக் கூடாது.

கட்டமைப்பின் பெயரையும் சில்லின் பெயரையும் பிரித்தறிய வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்பது கட்டமைப்பு. ஐரிஸ் என்பது சில்லு. கட்டமைப்புக் கையேட்டில் சில்லின் பிழைப்பட்டியல் இருக்காது.

நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். சூப்பர்-எச் செயலியை ஹிட்டாச்சி என்ற பெயரில் மட்டும் தேடுபவருக்கு ரெனசாஸ் வெளியிட்ட பிற்காலத் திருத்தங்கள் கிடைக்காமல் போகலாம்.

ஆவணம் இருக்கும் முகவரியை மட்டும் குறித்தால் போதாது. உரிமம் அனுமதித்தால் ஒரு படியையும் சேமிக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் கையேடு படியெடுக்க அனுமதிக்கும் உரிமத்தில் வந்துள்ளது. எல்லாக் கையேடுகளும் அப்படியல்ல என்பதால் உரிமத்தைப் படித்தறிவது அவசியம்.

கடைசியாக, கையேட்டில் படித்ததைச் சிமுலேட்டரில் இயக்கிச் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்ன 4000 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறிய சி நிரலில் அந்த எண்ணை எழுதி, ரிஸ்க்-ஃபைவுக்கான ஜி.சி.சி.யிடம் கொடுத்து, அது உருவாக்கும் இறுதி ஆணைகளைப் பார்த்தால் 4096-க்குரிய ஆணையையும் -96 என்ற எண்ணையும் காணலாம். பின்னர் 2000 என்ற எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் ஒரே ஆணை வருவதைக் காணலாம். ஏன் இந்த வேறுபாடு என்பதற்கான விடை கையேட்டில் கூட்டல் ஆணையை விளக்கும் பத்தியில் இருக்கிறது.